மாப்பிள்ளையின் காது

மூன்று நாள் காணாமல் போயிருந்த எங்கள் மாப்பிள்ளை, நாலாம் நாள் காலையில் கடை திறக்கும்போது இடது காது நுனி இல்லாமல் வந்து நின்றான். மாப்பிள்ளை என்பது பூனை. ராத்திரி முழுக்க ஊர் சுற்றிவிட்டு, விடிந்ததும் உரிமையோடு வந்து சாப்பாடு கேட்பதால் நான் வைத்த பெயர். என் மாமியார் என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார் என்பதை என் மனைவி அடிக்கடி நினைவூட்டுவாள்.

முப்பது வருடமாகத் துணி வெட்டுகிறவன் நான். பல்லால் கிழிந்ததற்கும் கத்தரி பட்டதற்கும் வித்தியாசம் தெரியாதா? காது அளவெடுத்த மாதிரி நேராக வெட்டுப்பட்டிருந்தது. அவனை மேஜைமேல் போட்டு வாலைத் தூக்கிப் பார்த்தேன். பை இருந்தது, சரக்கு இல்லை. ஒரு தையல்கூடப் போடவில்லை, பாவிகள்.

யார் வேலை என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் மனைவி உள்ளே உட்கார்ந்து சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஒருவர் தைக்கக் கொடுத்த புதுக் கோட்டின் மேல் அவன் மூத்திரம் பீய்ச்சிய நாளிலிருந்து அவளுக்கு இதே பாட்டுதான்.

"ஆபரேஷன் பண்ணிட்டா இந்த நாத்தம் போயிடும். சண்டைக்கு அலைய மாட்டான். பொட்டைப் பூனையத் தேடி ரோட்டைத் தாண்டி ஓடி வண்டியில அடிபட மாட்டான். நாலு வருஷம் கூடவே இருப்பான்."

"ஆம்பளைக்கு எதுக்குடி ஆபரேஷன்? அவன் என்ன குட்டி போடவா போறான்?"

"போடாததாலதான் உங்க ரெண்டு பேருக்கும் கவலையே இல்ல."

இப்போது நேராகவே கேட்டேன். காஜாவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "நான் பண்ணியிருந்தா உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் பண்ணியிருப்பேன். எனக்கென்ன பயம்?"

நியாயமான பதில்தான். அதனாலேயே நான் நம்பவில்லை. அவன் காணாமல் போன அன்றுதானே இவள் தம்பி மூடி போட்ட கூடையோடு வந்துவிட்டுப் போனான்? காய்கறி என்றாள். எந்தக் காய்கறிக்கு மூடி போடுகிறார்கள்? சாயங்காலம் போனில் அம்மாவிடம், "மாப்பிள்ளை இப்போ பரவாயில்லம்மா, அடங்கி வீட்டோட இருக்காரு," என்று சிரித்தாள்.

"எந்த மாப்பிள்ளை?"

"ரெண்டும்தான்."

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன், சுவரைப் பார்த்துத் தூங்கினேன். பூனை வேறு என் பொறுமையைச் சோதித்தது. பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுகிறான். இஸ்திரி மேஜைக்கடியில் சொகுசாகச் சுருண்டு கிடக்கிறான். புதிதாக ஒரு கீறல் இல்லை. கடையில் நாற்றமும் குறைந்துகொண்டே வந்தது. சந்தேகம் பிடித்தவனுக்கு நல்லதும் சாட்சிதான். அவள் சொன்னதெல்லாம் நடக்க நடக்க, செய்தவள் அவளே என்பது எனக்கு உறுதியாயிற்று. பொய் சொல்லிவிட்டாளே என்று நெஞ்சு எரிந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாக, அம்மா வீட்டுக்குப் போய்விடு என்று சொல்கிற இடத்துக்கு வந்துவிட்டேன். அதற்கு முன் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவள் கையெழுத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

கால்நடை ஆஸ்பத்திரியில் நர்ஸ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"காது வெட்டியிருந்தா அது தெருப்பூனை, சார். வீட்டுப் பூனைக்கு நாங்க வெட்ட மாட்டோம். ஏற்கெனவே ஆபரேஷன் ஆனதுன்னு தூரத்துலேர்ந்து தெரியணும். இல்லன்னா தெருப்பூனை பிடிக்கிறவங்க மறுபடியும் பிடிச்சுட்டு வந்துடுவாங்க."

"தெருப்பூனைன்னு யார் சொன்னது?" என் குரல் உயர்ந்தது. "யார் கொண்டு வந்தது? கையெழுத்தக் காட்டுங்க."

பதிவேட்டைப் புரட்டி, விரல் வைத்து வாசித்தாள். "உங்க தெருதான், கூண்டு வச்சுப் பிடிச்சது. கையெழுத்துப் போட யாரும் இல்ல. டாக்டர் எழுதியிருக்காங்க பாருங்க. 'ஆண். கண்ணுக்குக் கீழ் பழைய புண், சீழ் வைத்திருக்கிறது. கழுத்தில் ஆறாத கடி இரண்டு. கவனிக்க ஆள் இல்லை.' பாவம், எத்தனை மாசமா அந்த வலியோட திரிஞ்சுதோ. புண்ணையெல்லாம் சுத்தம் பண்ணி, மூணு நாள் வச்சிருந்துதான் விட்டோம்."

அந்தப் புண்ணைத்தான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் வீரத்தழும்பு என்று காட்டிக்கொண்டிருந்தேன். மஞ்சளாக வடிந்தபோதுகூட, ஆம்பளைன்னா அப்படித்தான் என்று சிரித்தேன். டாக்டரின் எழுத்து குண்டு குண்டாக, மிகத் தெளிவாக இருந்தது. என் மனைவியின் எழுத்து எங்குமே இல்லை.

நர்ஸ் பதிவேட்டை மூடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் சார், அது உங்க பூனையா?"

"இல்லம்மா," என்றேன். "எங்க தெருவுல சுத்தும்."