ஏழாம் அத்தியாயத்தில் சாகிற மச்சினன்

கோர்ட் டைப்பிஸ்ட் எழுதிய நாவலின் ஏழாம் அத்தியாயத்தை யாராவது படிக்கத் தொடங்கினால், டைப்பிஸ்டின் மச்சினன் அந்த நிமிடமே செத்துப்போவான். அத்தியாயம் முடிந்ததும் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு விட்ட வேலையைத் தொடர்வான். டைப்பிஸ்ட் மேல் முழுப் பழியையும் போட முடியாது. கதையில் கொலையாகும் இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கு மச்சினனின் வேலை, வழுக்கை, ஸ்கூட்டர், அடுத்தவர் தட்டில் கை வைக்கும் பழக்கம் எல்லாவற்றையும் கொடுத்தவர், அடையாளம் தெரியக் கூடாதென்று ஒரு மீசையும் வைத்திருந்தார். மீசை போதவில்லை.

காலமெல்லாம் ஊரார் செய்த கொலைகளைத் தட்டச்சு செய்து விரல் தேய்ந்தவருக்கு, சொந்தமாக ஒன்று செய்து பார்க்க ஆசை வந்தது நியாயம்தான். சிரிக்கச் சிரிக்க ஒரு கொலை என்று அட்டையில் போட்டார்கள். மனைவி இரண்டு தடவை படித்ததாகவும் பிரமாதம் என்றும் சொன்னாள். சுடச்சுட விற்கிறது என்றார் பதிப்பாளர். மச்சினனோ மாதக்கணக்கில் குத்துக்கல்லாட்டம் இருந்தான். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று டைப்பிஸ்ட் ஆவலோடு விசாரிப்பார். "ஜம்முனு இருக்கேன் மாமா" என்பான். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

பிறகு ஒரு பத்திரிகை நாவலைக் கிழிகிழியென்று கிழித்தது. உடனே ஜனங்கள் வாங்க ஆரம்பித்தார்கள். மச்சினன் வாடிக்கையாளர் வீட்டு சோபாக்களில் சாகத் தொடங்கினான். விபத்துக் காப்பீட்டின் பலன்களை விளக்கிக்கொண்டிருக்கும்போதே நாக்கு இடப்பக்கம் தொங்கச் சாய்வான். அவன் எழுந்து மூச்சு விடுவதற்குள் அந்த வீட்டில் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அவன் கார் வாங்கினான். டைப்பிஸ்ட் ராயல்டி பற்றிக் கேட்டபோது, பதிப்பாளர் காகித விலை ஏறிவிட்டதைப் பற்றி உருக்கமாகப் பேசினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், டைப்பிஸ்டின் தட்டிலிருந்து எடுத்த கவளத்தோடு மச்சினன் சாய்ந்தான். எழவில்லை. "ரசிச்சுப் படிக்கிறாங்க போல" என்று டைப்பிஸ்ட் பெருமையாகச் சொன்னார். மறுநாளும் எழவில்லை. உடம்பு கெடவில்லை, கன்னத்தில் கவளம் அப்படியே இருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இவனுக்கு ஏற்கெனவே சர்டிபிகேட் கொடுத்து அவமானப்பட்டது போதும் என்று போய்விட்டார். யாரோ பாதியில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

டைப்பிஸ்ட் லீவு போட்டுவிட்டுத் தெருத்தெருவாக அலைந்தார். நூலகத்தில், வக்கீல் அறைகளில், சலூனில், "ஏழாவதுல நிறுத்திட்டீங்களா?" என்று கெஞ்சினார். புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம், ஒரே மூச்சில் முடித்துவிட்டதாகச் சத்தியம் செய்தார்கள். வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த அத்தனை பாராட்டும் அந்த வாரத்தில் கிடைத்தது. ஒன்றும் இனிக்கவில்லை. மச்சினன் இல்லாத தட்டு அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது.

வீடு நிறைய உறவினர். "இன்னும் எத்தனை நாள் வெச்சிருப்பீங்க? காலைல எடுத்துடலாம்" என்றார் பெரியப்பா. அதைக் கேட்டதும், தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்து உள்ளே போனாள். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து நாவலை எடுத்து வந்தாள்.

"நான்தாங்க" என்றாள்.

"ரெண்டு தடவை படிச்சேன்னியே!"

"அவன் சாஞ்ச அன்னிக்குத்தான் முதல்ல எடுத்தேன். அப்புறமும் முடிக்கலாம்னு திறந்து திறந்து பார்த்தேன், தூக்கம் தூக்கமா வருதுங்க."

"எந்த இடத்துல?"

"கோர்ட் படிக்கட்டை வர்ணிப்பீங்களே, அங்க."

"அது நல்லா இருக்குமே" என்றார் டைப்பிஸ்ட், அந்த நிலைமையிலும்.

அவள் முகம் கழுவிக்கொண்டு, நின்றபடியே, தொடையைக் கிள்ளிக் கிள்ளிப் படித்து முடித்தாள். மச்சினன் கண் திறந்து கவளத்தை மென்று விழுங்கினான். அவள் அவன் முதுகில் நாலு சாத்து சாத்திவிட்டு ஓவென்று அழுதாள். டைப்பிஸ்டும் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொலைகாரன் யாருன்னு தெரிய வேணாமா உனக்கு?" என்று மெல்லக் கேட்டார்.

"அவன்தான் எழுந்துட்டானே, இனி எதுக்கு?" என்று அவள் புத்தகத்தை மூடினாள்.

இப்போதெல்லாம் அவன் சாய்ந்தால் அந்த வீட்டில் யாரும் பதறுவதில்லை. மின்விசிறியை அவன் பக்கம் திருப்பிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். டைப்பிஸ்ட் மட்டும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கோ முகம் தெரியாத ஒருவர் அந்தப் படிக்கட்டைத் தாண்ட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருப்பார்.