முதல் வார்த்தை

எனக்கு வாய் நீளம், ஞாபகம் குட்டை. அதனால் நாடகத்தில் எனக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவள் என் அக்கா. பக்கத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் முதல் வார்த்தையை மட்டும் கிசுகிசுப்பாள். மீதி தானாக என் வாயில் வந்துவிடும். இருபது வருஷம் அப்படியே ஓடியது. பிறகு நான் சினிமாவுக்கு வந்தேன். போன மாதம் அக்கா போய்ச் சேர்ந்தாள்.

இன்று டப்பிங். கண்ணாடி அறைக்குள் நான் மட்டும். வெளியே ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, வரிக்கு வரி முகத்தைச் சுளித்த சவுண்ட் இன்ஜினியர், கடைசி வரி முடிந்ததும் மைக்கில் சொன்னார்:

"மேடம், வசனம் எடுத்துக் கொடுக்கிற அந்தம்மாவை வெளியே அனுப்புங்க. அவங்க குரலும் சேர்ந்து பதிவாகுது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கண்ணு பிடரியிலயா இருக்கு? என்னைத் தவிர இங்க யாருய்யா இருக்கா?"

அவர் எழுந்து கண்ணாடி வழியாக அறையை மூலைமூலையாகப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

"இவ்வளவு நேரம் ஒவ்வொரு வரிக்கும் முதல் வார்த்தையை மட்டும் சொன்னாங்க. இப்போ வசனமெல்லாம் முடிஞ்சு போச்சு மேடம். ஆனா அவங்க நிறுத்தல. ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்றாங்க."

"என்ன வார்த்தை?"

"'வர்றேன்'னு."

சட்டென்று வாயை இறுகப் பொத்திக்கொண்டேன். இருபது வருஷப் பழக்கம் விடுமா? விரலிடுக்கு வழியாக மீதி தானாக வந்தது.

"வர்றேன்க்கா, இதோ வந்துட்டேன்."