மகாராணி சாப்பிட்டாச்சா

பாட்டிலை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது, அதன் வழியே எதிர்வீட்டுச் சுவரும் அதில் சாய்த்திருந்த சைக்கிளும் தெரிந்தன. தெரியக் கூடாது. போன வாரம் வரை அந்தப் பாட்டிலுக்குப் பின்னால் கையை வைத்தால் விரல் தெரியாது. அப்படி ஒரு பச்சை. இப்போது கழுநீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். உள்ளே தூசி போலப் புள்ளிகள். ஆனால் தூசி மிதக்கும். இவை வெட்டி வெட்டி ஓடின.

பச்சைக்குள் பூச்சி இறங்கிவிட்டது.

அடுத்த பாட்டிலை எடுத்தாள். அதற்கடுத்ததையும். மூன்றும் ஒன்றுபோல வெளுத்திருந்தன. முதல் பாட்டிலிலிருந்து பிரித்துத்தான் போன ஞாயிற்றுக்கிழமை மற்ற இரண்டையும் நிரப்பியிருந்தாள். கெட்டதைத் தன் கையாலேயே பங்கு வைத்திருக்கிறாள்.

உள்ளறையில் கணவர் இருமினார். இருபத்தாறு வருடம் பல் செட் செய்தவர். இந்த ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் மெல்லுகிறார்கள். தொண்டையில் கட்டி வந்து, அறுத்து, கதிர்வீச்சு வைத்து, மருந்து ஏற்றி எல்லாம் முடிந்தபோது அவருடைய சொந்தப் பற்களில் ஒன்றுகூட ஆடவில்லை. விழுங்கத்தான் வழியில்லாமல் போயிற்று. வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "இனிமே சரக்கெல்லாம் பின்வாசல் வழியாத்தான்" என்று கிசுகிசுத்துத் தானே சிரித்துக்கொண்டார். குரலென்று மிச்சமிருந்தது அந்தக் கிசுகிசுப்புதான். அந்தச் சிரிப்பு ஒரு வாரம் தாங்கியது. இரண்டாவது வாரம், அவள் சிரிஞ்சில் கஞ்சியை எடுத்துக்கொண்டு போனபோது, குழாயின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். போதும் என்றார். கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். கை நகரவில்லை. கடைசியில் வேறு ஒன்றும் தோன்றாமல், "அப்ப உங்க மகாராணிய யாரு பாப்பா? எனக்கு ஒரு மண்ணும் தெரியாது" என்று கத்தினாள். கை மெல்ல விலகியது.

மகாராணி என்பது கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் பவளங்களுக்கு நடுவே ஊர்ந்து திரியும் விரலளவு மீன். நீல உடம்பில் ஆரஞ்சு நிறக் கோலம். செத்ததைத் தொடாது. கடையில் விற்கும் உணவை அதன் மூக்குக்கு நேரே போட்டாலும், எச்சில் தட்டை நீட்டியதுபோலத் திரும்பிக்கொள்ளும். கண்முன்னால் அசைந்தால்தான் அதற்கு அது சாப்பாடு. அதற்காக அவர் சமையலறை அலமாரியில் ஒரு பண்ணையே வைத்திருந்தார். மூன்று பாட்டிலில் பச்சைத் தண்ணீர், அதாவது கண்ணுக்குத் தெரியாத கடல்பாசி. இரண்டு ஜாடியில் அந்தப் பச்சையைத் தின்று பெருகும் பூச்சி. பூச்சி மீனுக்கு. அலமாரிப் பலகையில், பல் செட்டில் குறி வைக்கும் பேனாவால் எழுதியிருந்தார்: 'பச்சையிலிருந்து பூச்சிக்குப் போகலாம். பூச்சியிலிருந்து பச்சைக்கு வரக் கூடாது.' பச்சைக்குப் பச்சை நாடா ஒட்டிய சிரிஞ்சு, பூச்சிக்குச் சிவப்பு நாடா. நாடா இல்லாத மூன்றாவது சிரிஞ்சு இப்போது அவருக்கு.

"அது சாப்பிடற வரைக்கும் நானும் சாப்பிடறேன்" என்று சொல்லியிருந்தார். நாளுக்கு நாலு வேளை. ஒவ்வொரு வேளையும் அவர் கேட்பார்: "மகாராணி சாப்பிட்டாச்சா?" அவள் சொல்வாள்: "சாப்பிட்டாச்சு." பிறகு சட்டையைத் தூக்குவார். ஐந்து மாதமாக அவர் உயிர் அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் பாட அட்டவணை போடுகிறவள். நாற்பது வகுப்பு, அறுபது ஆசிரியர். இருபது வருடத்தில் ஒரு வகுப்புக்குள் இரண்டு வாத்தியார் போய் முட்டிக்கொண்டது கிடையாது. அவளுக்குத் தவறு வராது. பலகையில் இருந்த எழுத்தை இன்னொரு முறை படித்தாள்.

இரண்டு ஞாயிறுக்கு முன்னால் நாத்தனார் வந்திருந்தாள். வாசற்படி தாண்டும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏம்மா, மனுஷனுக்கே வழியக் காணோம், நீ மீனுக்குப் பூச்சி வளத்துக்கிட்டு நிக்கற. நல்லா இருக்கு உங்க குடித்தனம்."

"மீன் பட்டினி கிடந்தா உங்க தம்பியும் கிடப்பாரு அண்ணி."

"அவன் சின்னதுலயே அப்படித்தான். தெரு நாய்க்குட்டிக்குப் பால் வெச்சாத்தான் தன் டம்ளரத் தொடுவான்." மூக்கை உறிஞ்சினாள். பிறகு அலமாரி பக்கம் நெருங்கி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "இன்னும் எத்தன நாளைக்கும்மா? நீ பாதியாப் போயிட்ட."

அந்த நேரம் அவள் கையில் சிரிஞ்சு இருந்தது. உள்ளே ஏதோ ஒன்று பதில் சொன்னது, சீக்கிரம் முடியட்டும் என்று, வெட்கமில்லாமல். கை பச்சைப் பாட்டிலுக்குள் போய் வந்தது. நாடா சிவப்பு என்று கண் பார்த்தது. அது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. கண் பார்த்தது, கை நிற்கவில்லை. மறுவாரம் பாட்டிலைப் பிரிக்கும்போது அவள் அதை நினைக்கவே இல்லை. நினைக்காமல் இருப்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டியிருக்கிறது.

மீன் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"மூணுமே போச்சுங்க" என்றாள்.

"அடடா. எங்கிட்ட சுத்தமான பச்ச ஒரு பாட்டில் இருக்கு, வந்து எடுத்துக்கங்க. ஜாடிப் பூச்சிய மட்டும் பட்டினி போட்டுச் சாகவிட்றாதீங்க, இதத் துளித்துளியா விட்டுத் தேத்திரலாம். ஆனா ஒரு மணிக்குள்ள வந்துருங்க. அப்புறம் பத்து நாள் நான் ஊர்ல இல்ல. சார் எப்படி இருக்காரு?"

"இருக்காரு."

பன்னிரண்டு மணி வேளைக்குக் கஞ்சியைக் கரைத்து, வடிகட்டி, சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள். அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்து எலும்பில் வெயில் விழுந்திருந்தது.

"மகாராணி சாப்பிட்டாச்சா?"

"சாப்பிட்டாச்சு."

"பாட்டிலக் கொண்டா."

அவள் சிரிஞ்சின் முனையைத் துணியால் துடைத்தாள்.

"தொண்டதானே போச்சு. காது நல்லாத்தான் இருக்கு."

சிரிஞ்சைக் கிண்ணத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய்க் கொண்டுவந்தாள். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, பல்லில் மயிரிழை விரிசல் தேடுகிற கண்ணால் பார்த்தார்.

"எந்த சிரிஞ்சு?"

"செவப்பு."

"எப்ப?"

"அண்ணி வந்தன்னிக்கு."

கோபப்படுவார் என்று காத்திருந்தாள். கோபப்பட்டால் தாங்கிக்கொண்டிருப்பாள். அவர் பாட்டிலை மடியில் இறக்கி வைத்தார். "அசந்துபோயிட்ட நீ. பாவம்" என்றார்.

சரி என்று தலையாட்டியிருக்கலாம். அந்த வார்த்தைக்குள் ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருந்தது. "அசதிதானான்னு தெரியலங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஏதோ புரிந்த முகம். அதில் குற்றச்சாட்டு இல்லாததுதான் கொடுமையாக இருந்தது. பிறகு, "என்னக் கூடத்துக்குக் கூட்டிட்டுப் போ. எல்லாத்தையும் தொட்டில ஊத்திரு. ஒரு வேளையாவது வயிறு முட்டத் தின்னட்டும்" என்றார்.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். கொடியில் உலர்ந்த துணியைத் தூக்குவதுபோல இருந்தது. தொட்டிக்கு முன்னால் நாற்காலியில் உட்காரவைத்தாள். கஞ்சிக் கிண்ணத்தையும் எடுத்துவந்து பக்கத்து ஸ்டூலில் வைத்தாள், வழக்கம் விடவில்லை. ஜாடிகளைச் சல்லடையில் வடித்துத் தொட்டியில் கவிழ்த்தாள். பிறகு ஒரு பாட்டில். இன்னொரு பாட்டில். தண்ணீரில் புள்ளிகள் மழைத் தூறல்போலப் பரவின. மகாராணி கல்லடியிலிருந்து வந்தது. ஒரு கொத்து. நின்று, கண்ணை உருட்டி, மறுபடி ஒரு கொத்து. அவசரமே இல்லை அதற்கு. நாளையும் இப்படியே வரும் என்று நம்பும் ஒரு பிராணியின் நிதானம்.

"பாத்தியா, எப்படித் திங்குது" என்று கிசுகிசுத்தார். அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது, விழுங்குவதுபோல.

கடிகாரம் பன்னிரண்டு இருபது. கடைக்கு நடந்தால் கால் மணி நேரம். 'பச்ச ஒரு பாட்டில் வெச்சிருக்காராம்' என்பது நாலு வார்த்தை. நாக்கு வரை வந்து நின்றது. அவரைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். கேட்காமல் போனால் அவள் யாருக்காகப் போகிறாள்? போகாவிட்டால் யாருக்காக நிற்கிறாள்?

கிண்ணத்தில் சிரிஞ்சு நிமிர்ந்து நின்றது. கஞ்சி அடியில் தங்கி, மேலே தண்ணீர் தெளிந்துகொண்டிருந்தது.

மூன்றாவது பாட்டில் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. மிச்சமிருந்த பூச்சி அதில்தான். ஊற்றுவதற்காகத் தூக்கினாள், தூக்கிய இடத்திலேயே நிறுத்தினாள். உள்ளே பூச்சிகள் ஒன்றுமில்லாத தண்ணீரை மேய்ந்து ஓடின. அவற்றுக்குப் பின்னால் அவருடைய கை, கலங்கலே இல்லாமல் தெரிந்தது. சட்டையின் விளிம்பின் மேல், தூக்காமலும் விடாமலும்.