எலிசேயோவுக்கு நாற்பது வயது

ஃபெர்மினின் மளிகைக் கடையில் டொமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு டிவியைப் பார்த்தார்கள். திரையில் என் தம்பி. அவனுக்குப் பக்கத்தில் பேஸ்பால் ஜாம்பவான்கள் வரிசையாக. இருபத்தொரு வயதில் எலிசேயோவுக்குத் தொண்ணூற்றேழு ஹோம் ரன். அந்த வயதில் அவர்களில் ஒருவரும் அத்தனை அடிக்கவில்லையாம். இப்படியே போனால் நாற்பது வயதில் எழுநூற்று அறுபது.

"யோகாஸ்தா, உன் தம்பிக்குச் சிலையே வைப்பாங்க போ," என்றார் ஃபெர்மின்.

"மொதல்ல தெருவுக்குத் தண்ணி வரட்டும்," என்றேன்.

அந்தப் பட்டியலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதில் இருந்தவன் எலிசேயோவே இல்லை. எலிசேயோ பதினாலு வயதில் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டான். அடித்துக்கொண்டிருந்தவன் அவனுக்கு மூன்று வயது மூத்த ராமிரோ.

எங்கள் சான் பெட்ரோவில் பதினாறு வயதில் அமெரிக்க பேஸ்பால் அணியின் ஒப்பந்தம் கிடைக்காதவன் கிழவன். பதினேழு வயது ராமிரோவை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சாவு வீட்டிலேயே ராமிரோவின் பயிற்சியாளர் அம்மாவின் காதருகே குனிந்தார். "சின்னவனோட பிறப்புச் சான்றிதழ் சும்மாதானே கெடக்கு? இனிமே பெரியவன்தான் எலிசேயோ." சின்னவனை ராமிரோ என்ற பெயரில் புதைத்தோம். பாவி, நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அமெரிக்காவிலிருந்து ராமிரோ போன் செய்வான்.

"ஆசி குடும்மா."

"கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், எலிசேயோ."

ஏழு வருடங்களில் ஒருமுறைகூட அம்மா அவனை அவன் பெயரால் கூப்பிடவில்லை.

அந்த ஆகஸ்டில் முழங்காலில் அடிபட்டு வந்தான். சோறும் பீன்ஸும் அப்படியே ஆறிப்போயின.

"உண்மையச் சொல்லிடப் போறேன்கா. ராமிரோன்னு யாராச்சும் கூப்பிட்டா திரும்பிப் பாக்கக்கூடத் தோணல."

"சொல்லாதப்பா," என்றாள் அம்மா.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏன், அவன் கட்டிக் குடுத்த இந்தப் பெரிய வீடு போயிடும்னு பயமா?"

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. "டிவியில என் சின்னவனுக்கு நாப்பது வயசு வரைக்கும் போட்டிருக்காங்க," என்றாள்.

நான் தட்டுகளை எடுத்து வைத்தேன்.

அடுத்த வாரம் ராமிரோ சொல்லிவிட்டான். அணி அவனை நிறுத்தி வைத்தது. டிவிக்காரர்கள் அதே தொண்ணூற்றேழை அந்த ஜாம்பவான்கள் இருபத்து நான்கு வயதில் அடித்ததோடு வைத்துப் பார்த்தார்கள். பதினோரு பேர் அவனுக்கு முன்னால் இருந்தார்கள். ஃபெர்மின் சேனலை மாற்றிவிட்டார். சிலைப் பேச்சும் அதோடு போயிற்று.

கல்லறைப் பலகையை மாற்றக் கொத்தனாரை அழைத்துப் போனோம். பழைய பலகையைப் பெயர்த்துவிட்டுப் புதியதைப் பதித்தார். எலிசேயோ, பதினாலு வயது. அம்மா அந்த எண்ணை விரலால் தடவினாள்.

"பதினாலுதானா," என்றாள். அடக்கத்தின்போதுகூட அவள் அப்படி அழவில்லை.

ராமிரோ வலிக்கும் காலோடு அவள் பக்கத்தில் மண்டியிட்டான். "ஆசி குடும்மா."

பலகையிலிருந்து கையை எடுத்து அவன் தலையில் வைத்தாள்.

"கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்," என்றாள்.

அவன் தலை குனிந்தபடியே காத்திருந்தான். அவள் எந்தப் பெயரையும் சொல்லவில்லை.