சைரனுக்குப் பிறகு வரும் பாட்டு

ஜெனிபர் நன்றாகத்தான் பாடுவாள். அதுதான் எனக்குப் பிரச்சினை. சுமாராகப் பாடுகிறவளாக இருந்திருந்தால் நானும் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டு திரிந்திருப்பேன்.

நாங்கள் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை நாடக மன்றம். கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து நடத்துவது. பொங்கலுக்கு ஒன்று, மே தினத்துக்கு ஒன்று என்று எங்கள் பாட்டுக்கு நாடகம் போட்டுக்கொண்டிருந்தோம். இந்த வருடம் சென்னையிலிருந்து ஒரு பல்கலைக்கழகத்தின் நாடகத் துறை எங்களைத் தேடி வந்தது. இரண்டு குழுவும் சேர்ந்து ஒரு ராக் இசை நாடகம் போடலாம் என்றார் அவர்களுடைய பேராசிரியர் அருணா மேடம்.

"ராக்குன்னா இன்னா மேடம்?" என்று கேட்டார் தேசப்பன் அண்ணன். அவர்தான் மன்றத் தலைவர், உதிரிபாகக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மேடம் பரத் என்ற மாணவனைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் டிரம்ஸில் உட்கார்ந்து வெளுத்து வாங்கினான். அண்ணன் நாற்காலியை விட்டுக் குதித்தார். "அடப்பாவி, இது எங்க தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பு சத்தம்பா! இதுக்கா இத்தினி நாளா சம்பளம் வாங்கிக்கினு இருந்தோம்!" அதோடு சம்மதம் ஆகிவிட்டது.

கதை எங்கள் கதை, இசை அவர்கள் இசை. ஒரு கம்பெனியில் இரண்டு தோழிகள். ஒருநாள் வாயு கசிகிறது, சைரன் ஊதுகிறது, எல்லோரும் வெளியே ஓடுகிறார்கள். ஒருத்தி உள்ளே மாட்டிக்கொள்கிறாள். வெளியே வந்த தோழி திரும்பி உள்ளே போகிறாள். போகும்போது ஒரு பாட்டு. நாடகமே அந்தப் பாட்டுக்காகத்தான். திரும்பிப் போகும் அந்தத் தோழி வேடத்தையும் உள்ளே மாட்டிக்கொள்கிறவள் வேடத்தையும் நானும் ஜெனிபரும் ஒத்திகையில் மாற்றி மாற்றிச் செய்தோம். நான் பகலில் பாட்டில் மூடிகளைச் சோதிக்கிறவள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாடகர் குழுவில் பின்வரிசை. அவள் அருணா மேடத்திடம் நாடகத்தில் எம்.ஏ. படிக்கிறவள், முறையாகக் கற்றுக்கொண்டவள்.

அருணா மேடம் ஒளிக்காமல் சொன்னார். "கும்மிடிப்பூண்டியில நீங்க பாடுங்க சுகிர்தா. சென்னையில யாருன்னு அன்னிக்குக் கடைசிப் பாட்டைக் கேட்டுட்டு முடிவு பண்றேன்."

சென்னையில் பெரிய அரங்கம். நான் அங்கே பாட ஆசைப்பட்டேன். வெட்கமில்லாமல், சாப்பிடும்போதும் பஸ்ஸில் தொங்கும்போதும் ஆசைப்பட்டேன். வேறு எதற்கும் நான் இப்படி அலைந்ததில்லை.

நாடகத்துக்கு ஒரு சைரன் வேண்டியிருந்தது. பரத் முதலில் கீபோர்டில் ஒன்று வாசித்துக் காட்டினான். தேசப்பன் அண்ணனுக்கு வந்ததே கோபம். "இன்னா நைனா இது, குல்பி ஐஸ் வண்டி மாறி? இதைக் கேட்டா எவன் பயப்படுவான்?" அப்புறம் அவரே வாயால் ஊதிக் காட்டினார். மேலே ஏறும், இறங்கும், திரும்ப ஏறும். பரத் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு லேப்டாப்பில் தட்டித் தட்டிச் சரிசெய்தான். அண்ணன் "இன்னும் கொஞ்சம் வயித்தைக் கலக்கணும்" என்று கழுத்தில் உட்கார்ந்தார். கடைசியில் அசல் சைரன் தோற்றுப்போகும் அளவுக்கு வந்துவிட்டது. ஒத்திகையில் நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அத்தனை பேரில் ஒருவருக்காவது மூளை வேலை செய்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. நெடுஞ்சாலையை ஒட்டிய கல்யாண மண்டபம். நாற்காலி போதாமல் வெளியே பந்தல் போட்டு, அங்கேயும் இரண்டு பெரிய ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். பொன்னேரியிலிருந்தும் எளாவூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். என் அம்மா கன்னியம்மா இறால் பேக்கிங்கில் தன்னோடு வேலை செய்கிற ஒரு பட்டாளத்தையே கூட்டிவந்து முன்வரிசையைப் பிடித்துவிட்டாள். அவர்கள் தலையில் வைத்திருந்த மல்லிகை வாசம் மேடை வரைக்கும் வந்தது.

முதல் பாட்டிலேயே கூட்டம் எங்கள் கைக்கு வந்துவிட்டது. கேன்டீன் வரிசையைப் பற்றிய பாட்டு அது. "சாம்பாரு எங்கே, சாம்பாரு எங்கே" என்று கிடார் கதற, பின்னால் இருந்த இளைஞர்கள் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள். தேசப்பன் அண்ணன் சூப்பர்வைசர் வேடத்தில் விசிலோடு வந்தபோது அவருடைய நிஜ சூப்பர்வைசரே எழுந்து நின்று கைதட்டினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்படியே கடைசி வரைக்கும் போனால் போதும் என்று வேண்டிக்கொண்டே பக்கத்துத் திரைக்குப் பின்னால் மைக்கோடு நின்றேன். அடுத்தது சைரன். அதற்கடுத்தது நான்.

சைரன் ஊதியது.

மேடையில் சிவப்பு வெளிச்சம் பரவியது. நான் மூச்சை இழுத்துக்கொண்டேன். அப்போது நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மொத்த மண்டபமும் எழுந்து நின்றுகொண்டிருந்தது. ஒருவரும் கத்தவில்லை, ஒருவரும் ஓடவில்லை. கடைசி வரிசை முதலில், அதற்கு முந்தைய வரிசை அடுத்து என்று பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தார்கள். ஒவ்வொரு கம்பெனியிலும் ஒத்திகை பார்த்துப் பார்த்து ஊறிப்போன பழக்கம். சைரன் கேட்டால் காரணம் கேட்கக் கூடாது, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியேற வேண்டும். என் அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து முந்தானையை நனைத்து மூக்கில் பொத்திக்கொண்டாள். மேடையில் மகள் ஒருத்தி இருக்கிறாள் என்பதே அவளுக்கு நினைவில்லை. தன் பட்டாளத்தை ஆளுக்கொரு தட்டு தட்டி முன்னால் தள்ளினாள்.

அதைவிடக் கொடுமை தேசப்பன் அண்ணன். மேடையில் இருந்து ஒரே தாவாகத் தாவி, கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டு, "லைனா வாங்க, லைனா வாங்க! யாரும் ஓடாதீங்க!" என்று கத்திக் கத்தி விசிலை ஊதிக்கொண்டிருந்தார். பாதிப் பேர் போனபிறகுதான் அவர் முகம் மாறியது. "ஐயய்யோ, இது நம்ம சைரனாச்சே!"

மேடையில் மாணவர்கள் மட்டும் அப்படியே நின்றார்கள். பரத் என்னிடம் ஓடிவந்தான். "அக்கா, நாடகம் அவங்களுக்குப் புடிக்கலையா?"

"முதல்ல அதை நிறுத்துடா!"

அவன் பதற்றத்தில் கையில் அகப்பட்ட ஒயரை எல்லாம் பிடுங்கினான். சைரன் நின்றது. கூடவே மைக், கிடார், விளக்கு எல்லாம் நின்றன. எங்கோ எதுவோ கருகும் வாசனை வந்தது. எலக்ட்ரீஷியன் அவனைத் திட்டிக்கொண்டே மேடைக்கு அடியில் புகுந்தார்.

நான் வெளியே ஓடினேன். மண்டபத்துக்குப் பக்கத்து மைதானத்தில் கூட்டம் கம்பெனி கம்பெனியாக வரிசையில் நின்றிருந்தது. சிலர் தலை எண்ணிக்கொண்டிருந்தார்கள். சிலர் பக்கத்துக் கம்பெனிப் புகைபோக்கியின் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, காற்றுக்குக் குறுக்கே வரிசையைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒண்ணும் ஆவல! நாடகம்தான் அது! உள்ள வாங்க!" என்று நானும் தேசப்பன் அண்ணனும் தொண்டை கிழியக் கத்தினோம்.

சிலர் சிரித்தார்கள். சிலர் "பேஜாரு புடிச்சவனுங்க" என்று திட்டினார்கள். ஆனால் ஒருவரும் நகரவில்லை.

"ஆல் கிளியர் குடுக்கச் சொல்லு, வரோம்" என்றார் முன்னால் நின்ற பெரியவர்.

"அதான் நாங்களே சொல்றோமே!"

"நீ சொன்னா ஆச்சா? போன வருசம் எங்க கம்பெனில அப்படித்தான் ஒருத்தன் வாயால சொன்னான். நம்பி உள்ள போனவனுங்க நாஷ்டாவையெல்லாம் கக்கிக்கினு வெளிய வந்தானுங்க. ஊதட்டும்."

அவரைக் குறை சொல்ல முடியாது. எல்லாக் கம்பெனியிலும் அதுதான் வழக்கம். ஏறி இறங்கி ஊதினால் ஆபத்து. ஆபத்து நீங்கிய பிறகு ஏற்றம் இறக்கம் இல்லாமல் நேராக, நீளமாக ஒரு சைரன் ஊதுவார்கள். அது ஊதாமல் முதலாளியே கூப்பிட்டாலும் எவரும் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டார்கள். எங்களிடம் இருந்தது ஆபத்துச் சைரன் மட்டும். அதுவும் இப்போது ஒயரோடு செத்துக் கிடந்தது.

மைதானத்து ஓரத்தில் ஒரு பைக் கிளம்பியது. அப்புறம் இன்னொன்று. "ஊட்டுக்குப் போலாம் வா, நேரமாவுது" என்று யாரோ பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டார்கள். மண்டப வாசலில் அருணா மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் பாடி, மோசமாகப் பாடித் தோற்றிருந்தால்கூடப் பரவாயில்லை. வாயே திறக்காமல் என் பாட்டு பைக்கில் ஏறி வீட்டுக்குப் போவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

டிரம்ஸ் ஏற்றிவந்த குட்டியானை வண்டி அங்கே நின்றது. அதன் மேல் ஏறினேன். யோசித்தெல்லாம் ஏறவில்லை. அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, "ஆ" என்று ஒரே ஒரு சுரத்தைப் பிடித்தேன். ஏற்றாமல், இறக்காமல், குரல் ஆடாமல், நேராக.

முதலில் பக்கத்தில் இருந்தவர்கள்தான் திரும்பினார்கள். பிறகு வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. கிளம்பிக்கொண்டிருந்த பைக்குகளின் இன்ஜின்கள் அணைந்தன. பெரியவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். அந்தச் சோதனையில் நான் தேற வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. ஆல் கிளியர் நீளமாக ஊத வேண்டும். நடுவில் அறுந்தாலோ நடுங்கினாலோ அது வேறு சைரன்.

ஆனால் மனுஷிக்கு எவ்வளவு மூச்சு இருக்கும்? கத்திக் கத்தி ஏற்கெனவே தொண்டை புண்ணாகியிருந்தது. கண் இருட்டியது. விலா எலும்பு இரண்டு பக்கமும் நெருக்கியது. குரல் நழுவப் போகிறது என்று தெரிந்த அந்த நொடியில், அதே சுரம் என் காதுக்குப் பக்கத்தில் தொடங்கியது.

ஜெனிபர். அவள் எப்போது வண்டியில் ஏறினாள் என்று நான் பார்க்கவில்லை. என் சுரத்துக்கு அடியில் தன் சுரத்தை மயிரிழை பிசகாமல் நுழைத்து என் கையைப் பிடித்து அழுத்தினாள். நீ மூச்சு வாங்கு என்று அர்த்தம். நான் வாங்கினேன். திரும்ப நான் பிடித்தேன், அவள் வாங்கினாள். கேட்கிறவர்களுக்கு ஒரே குரல்தான். இவள் நன்றாகப் பாடுகிறாளே என்று அத்தனை நாள் புழுங்கிய எனக்கு, கடவுளே, இவள் நன்றாகப் பாடுகிறாளே என்று அழுகை வந்தது. அழுதால் குரல் நடுங்கும் என்று அதையும் விழுங்கினேன்.

பெரியவர் கையைத் தூக்கினார். "ஆல் கிளியர் குட்துட்டாங்கபா! உள்ள போலாம்!"

மைதானம் வெடித்தது. விசில், கைதட்டல், சிரிப்பு. அம்மா மூக்கிலிருந்து ஈர முந்தானையை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றி, "எம் பொண்ணு! அது எம் பொண்ணு!" என்று கூவினாள். வந்த மாதிரியே வரிசையாக அத்தனை பேரும் உள்ளே போனார்கள். பந்தலில் இருந்தவர்கள்கூட இம்முறை மண்டபத்துக்குள் நெருக்கிக்கொண்டு நுழைந்தார்கள்.

அதற்குள் எலக்ட்ரீஷியன் மின்சாரத்தை மீட்டிருந்தார். நான் திரைக்குப் பின்னால் போகவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக முன்வாசல் வழியாகவே நடந்து மேடையேறினேன். கதையிலும் அவள் வெளியிலிருந்துதானே உள்ளே போகிறாள். ஜெனிபர் எனக்கு முன்பே ஓடிப்போய், உள்ளே மாட்டிக்கொண்ட தோழியாக மேடையில் விழுந்து கிடந்தாள். பரத் குச்சிகளைத் தட்டினான்.

*கதவைத் திறங்கடா, காத்து வரட்டும்,*
*உள்ளே கிடக்கிறது என் உசிரு!*

என் குரல் கிழிந்துபோயிருந்தது. ஒத்திகையில் வழவழப்பாக வந்த இடமெல்லாம் ரம்பம் போட்ட மாதிரி வந்தது. நான் நிறுத்தவில்லை. கிடாரும் என்னோடு சேர்ந்து கிழிந்தது. இரண்டாவது தடவை பாடும்போது முன்வரிசை சேர்ந்துகொண்டது, மூன்றாவது தடவை மண்டபமே "கதவைத் திறங்கடா" என்று தரையை உதைத்தது. நான் ஜெனிபரைத் தூக்கித் தோளில் சாய்த்தேன். அவள் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது, அது நடிப்பில்லை. கடைசி வரியில் என்னிடம் குரல் என்று ஒன்றும் மிச்சமில்லை. வாயை மட்டும் திறந்தேன், கூட்டம் பாடி முடித்தது.

எவ்வளவு நேரம் கைதட்டினார்கள் என்று தெரியாது. திரை விழுந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்கள். தேசப்பன் அண்ணன் பரத்தைத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். ஜெனிபரும் நானும் மேடைத் தரையிலேயே உட்கார்ந்து ஒரே சோடா பாட்டிலை மாற்றி மாற்றிக் குடித்தோம்.

அருணா மேடம் வந்து எங்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

"சுகிர்தா, சென்னையில அந்தப் பாட்டை நீங்கதான் பாடணும். கம்பெனியில லீவு கேட்டு நானே வந்து பேசறேன். வருவீங்களா?"

வருவேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. திரும்ப முயன்றேன். தலையாட்ட வேண்டும் என்பதுகூடத் தோன்றாமல், மேடம் தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்ற பயத்தில் என் கண்ணில் தண்ணீர் முட்டியது.

ஜெனிபர் என் முகத்தைப் பார்த்தாள். சோடா பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"வராங்களாம் மேடம்" என்றாள்.