புளி போட்டுத் தேய்த்த ஊசிகள்

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊருக்கெல்லாம் கறிக்குழம்பு. கலைவாணிக்கு மட்டும் பிரேக். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு இடுப்பை நிமிர்த்துவதற்குள் கொட்டகையிலிருந்து குரல் வந்துவிடும். "இந்தா, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போ." அந்த ஒரு நிமிஷம் பதினாலு வருஷமாக முடிந்தபாடில்லை.

அவள் போய்க் காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்காருவாள். அடியில் படுத்திருக்கும் புருஷன் ஜீவானந்தம் "மிதி" என்பார். "பிடிச்சுக்கோ" என்பார். "விடு" என்பார். பிரேக் குழாயில் புகுந்த காற்று குமிழி குமிழியாக வெளியேறி முடிவதற்குள் அவள் முட்டிக்குள் வலி புகுந்து உட்கார்ந்துவிடும். ஜவ்வாது மலையில் இத்தனை தடவை கார் பிரேக்கை மிதித்த பெண்பிள்ளை வேறு யாரும் இருக்க முடியாது. அதே காரில் ஒரு தடவைகூட எங்கேயும் போகாதவளும் அவள்தான்.

கார் இங்கிலாந்தில் செய்தது. எம்.ஜி. என்று முகப்பில் எட்டு மூலைச் சின்னம். அறுபதுகளின் வண்டி, கூரை கிடையாது, இரண்டே பேர் உட்காரலாம். ஊரில் அதற்கு மொட்டை வண்டி என்று பெயர். ஜீவானந்தம் வேலூரில் பஸ் டிப்போ மெக்கானிக்காக இருந்த காலத்தில், லீவு நாளில் ஒரு வக்கீல் வீட்டுக்குப் போய் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் போய்ச் சேர்ந்த பிறகு வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள், இடம் காலியானால் போதும் என்று வண்டியை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். டிராக்டர் டிரெய்லரில் உட்கார்ந்துகொண்டு அது மலை ஏறியது. ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. கலைவாணியும் அன்றைக்கு ஆசையாகத்தான் பார்த்தாள், அதை மறைக்கக் கூடாது.

ஆசை எத்தனை நாளைக்கு? வண்டி ஒரு மாதம் ஓடும், இரண்டு மாதம் படுக்கும். ஓடினாலும் அவர் மட்டும் ஒடுகத்தூர் வரை இறக்கி ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்துவார். சோதனை ஓட்டத்தில் இன்னொரு ஆளை உட்காரவைக்கக் கூடாதாம், அது டிப்போ பழக்கம். பதினாலு வருஷமும் அவருக்குச் சோதனை ஓட்டம்தான். இந்தப் பக்கம் சாமையை அறுத்துக் களத்தில் போட்டு அடிப்பது, புடைப்பது, மாடு, அடுப்பு எல்லாம் அவள் தலையில். எப்போது உட்கார்ந்தாலும் தூக்கம் வருகிற வயதுக்கு அவள் வந்திருந்தாள்.

கோளாறு ஆரம்பித்தது ஆயுத பூஜை அன்றைக்கு. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவது கார்ப்பரேட்டர். இந்த வண்டிக்கு அது இரண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பித்தளை ஊசி, நுனிக்குப் போகப் போக மெலிந்திருக்கும். எவ்வளவு பெட்ரோல் உள்ளே போக வேண்டும் என்பதை அந்த மெலிவுதான் முடிவு செய்கிறது. தலைமுடி அளவு குறைந்தாலும் கணக்கு கெட்டுவிடும். இதெல்லாம் கலைவாணிக்கு இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியாது.

பூஜைக்காகக் கார்ப்பரேட்டர்களைப் பிரித்துத் தட்டில் பரப்பி வைத்திருந்தார் ஜீவானந்தம். செங்கத்தில் ஒரு சாவு என்று ஆள் வந்து சொல்ல, "தட்டுல இருக்கிறது ஒண்ணும் தொலையாம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். கலைவாணி குத்துவிளக்கு, மணி, தூபக்கால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியருகே குந்தினாள். சொந்த மரத்துப் புளி, செங்கல் பொடி, தேங்காய் நார். விளக்கெல்லாம் முடிந்ததும் தட்டில் கிடந்த இரண்டு ஊசிகளும் கண்ணில் பட்டன. சாமி முன்னால் வைக்கிற சாமான் மங்கலாகவா இருப்பது? அவற்றையும் எடுத்தாள். விளக்கைவிட ஒரு கை கூடுதலாகவே போட்டுத் தேய்த்தாள். தங்கம் போல வந்தது. கழுவித் துடைத்து, தட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள்.

மறுநாள் அவற்றை மாட்டும்போது ஜீவானந்தம், "நல்லா சுத்தமா வெச்சிருக்கியே" என்றார். முப்பது வருஷக் குடித்தனத்தில் ரசத்தைத் தவிர வேறு எதையும் பாராட்டாத மனுஷன். அவளுக்கு அன்று முழுவதும் மனசு குளிர்ந்துபோயிருந்தது.

மூன்றாம் நாள் ஒடுகத்தூர் போய்த் திரும்பி ஏறும்போது, மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு நின்றது. பால் வேன்காரன் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து விட்டான். பிறகு மூன்று வாரம் ஜீவானந்தம் கொட்டகையிலேயே கிடந்தார். பிளக்கை மாற்றினார், வால்வைப் பார்த்தார், பெட்ரோல் பம்பைக் கழற்றி மாட்டினார். ஸ்குரு டிரைவரின் நுனியை எஞ்சின்மேல் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். டிப்போவில் இப்படிக் கேட்டே எந்த பஸ்ஸுக்கு என்ன நோய் என்று சொன்னவர். இப்போது கேட்டுக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார். ஒவ்வொரு நாளும் முதல் நாளைவிடக் கொஞ்சம் மெதுவாக எழுந்தார்.

ஒரு மத்தியானம் சாமைச் சோற்றில் புளிக்குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னார். "ஊசி தேஞ்சிருந்தாத்தான் இப்டி புகை வரும். ஆனா ஆடியிலதான் புதுசு போட்டேன். பித்தளை தானாவா தேயும்? எவனாவது குந்திக்கினு தேச்சாத்தான் உண்டு." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

கலைவாணிக்குக் கையில் இருந்த கரண்டி கனத்தது. "இன்னும் கொஞ்சம் சோறு வெக்கட்டா?" என்றாள்.

"போதும். ராஜேந்திரன் கைல சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கினு போயிடுவான்."

ராஜேந்திரன் ஒடுகத்தூரில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவன். அவன் எடுத்துக்கொண்டு போனால் வண்டியைப் பிரித்துத் துண்டு துண்டாகத்தான் விற்பான். அவள் வாயைத் திறந்து ஒரே வார்த்தை சொன்னால் வண்டி கொட்டகையிலேயே நிற்கும். சொல்லாவிட்டால் போய்விடும். பதினாலு வருஷமாக எந்தச் சாமியிடம் வேண்டினாலும் கிடைக்காதது, ஒரு உருண்டை புளியில் கிடைத்திருந்தது. இனி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாயைப் போட்டுப் படுக்கலாம். யாரும் மிதி என்று சொல்லமாட்டார்கள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. வாயை மூடிக்கொண்டு சாமை புடைக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பனி விலகுவதற்குள் ராஜேந்திரன் ஒரு சின்ன லாரியோடு வந்துவிட்டான். வண்டியைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தான். "ஏண்ணா, ஓடிக்கினு இருந்த வண்டிதானே? இன்னா ஆச்சு?"

"வண்டில ஒண்ணும் இல்லப்பா," என்றார் ஜீவானந்தம். "எனக்குத்தான் காது போச்சு. கையும் போச்சு. கோளாறு எதிர்லயே இருக்குது, எனக்குத் தெரியல. தெரியாதவன் கைல வண்டி இருந்து இன்னா பண்றது?"

ராஜேந்திரன் முன் அச்சில் சங்கிலியைக் கட்டினான். கலைவாணி அதுவரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கட்டட்டும், இழுக்கட்டும் என்றுதான் நின்றாள். அப்போது ஜீவானந்தம் கொட்டகைக்குள் போய்த் தன் டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். டிப்போவில் சேர்ந்த வருஷம் வாங்கியது. மூடியில் ஆயுத பூஜைக் குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "இதையும் எடுத்துக்கோ. இனிமே எனக்கு எதுக்கு?" என்று லாரி ஓரத்தில் வைத்தார்.

வண்டி போனால் அவளுக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டியை அவர் கீழே வைத்த விதம்தான் தாங்கவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஊசிய நான்தான் தேச்சேன்."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"எந்த ஊசிய?" என்றார் ஜீவானந்தம்.

"கார்பேட்டர் ஊசிங்க. ரெண்டையும். ஆயுத பூஜைக்கு நீங்க செங்கம் போயிருந்தப்ப."

"எதால தேச்ச?"

"புளி. செங்கப்பொடி. தேங்கா நாரு."

ராஜேந்திரன் குனிந்து சங்கிலியைச் சரிசெய்வது போலச் சிரிப்பை அடக்கினான். ஜீவானந்தம் சிரிக்கவில்லை.

"எவ்ளோ நேரம் தேச்ச?"

"பளபளன்னு வர்ற வரைக்கும்."

அவர் லாரியை விட்டு ஒரு எட்டு அவள் பக்கம் வந்தார். பிறகு, "நான் ஊசியப் பத்திச் சொன்னேனே அன்னிக்கு. அப்பவே உனக்குத் தெரியும்," என்றார்.

"தெரியும். வண்டி போய்த் தொலையட்டும்னுதான் சொல்லல. ஞாயித்துக்கிழமையாவது படுத்து எழுந்திருக்கலாம்னு பாத்தேன். நீங்க பொட்டிய வெச்சதப் பாத்து என்னால முடியலங்க."

திட்டுவார் என்று நின்றாள். ஆனால் அவர் முகத்தில் கோபம் வரவில்லை. மூன்று வாரமாகக் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று மெல்லத் திரும்பி வந்து உட்கார்ந்தது. காது போகவில்லை, கை போகவில்லை. அது அவருக்குப் புரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தன் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போய்விட்டன என்று தெரிந்துவிட்டது. தன் வாயாலேயே தொலைத்தாள், யாரை நோவது?

"பழைய ஊசிங்க எங்க கெடக்குதோ," என்று அவர் முனகினார்.

"ஹார்லிக்ஸ் பாட்டில்ல. மேல் பலகையில ஆணி டப்பாவுக்குப் பின்னால." அந்தக் கொட்டகையைக் கூட்டுகிறவள் அவள்தானே. அவளே போய் எடுத்துக்கொண்டு வந்தாள். ஆடியில் கழற்றிய ஊசிகள் கறுத்து, அழுக்காக, ஆனால் அளவு அதிகம் கெடாமல் அதில் கிடந்தன.

அரை மணி நேரத்தில் மாட்டினார். ராஜேந்திரன் போகாமல் டீ குடித்துக்கொண்டு நின்றான். சாவியைத் திருப்பியதும் வண்டி இருமியது, கறுப்பாக ஒரு மூச்சு விட்டது, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. ஜீவானந்தம் ஸ்குரு டிரைவரைக் காதில் வைத்துக் கேட்டார். நிறைய நேரம் கேட்டார். பிறகு டூல் பெட்டியை எடுத்துக்கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்தார்.

"அப்ப நான் சும்மா மலை ஏறி எறங்கணுமா?" என்று சங்கிலியை அவிழ்த்தான் ராஜேந்திரன். "அண்ணி, அடுத்த வாட்டி பூஜைக்குத் தேய்க்கிறதுக்கு முன்ன எனக்கு ஒரு போன் போடுங்க." லாரி போய்விட்டது.

"ஏறு," என்றார் ஜீவானந்தம்.

அவள் கால் பழக்கத்தில் ஓட்டுநர் பக்கம் போனது.

"அங்க இல்ல. இந்தப் பக்கம்."

வேலை செய்கிற புடவையோடு, தலைகூட வாராமல், பதினாலு வருஷத்தில் முதல்முறையாக அவள் இடது பக்க இருக்கையில் உட்கார்ந்தாள். அது வலது பக்கத்தைப் போலக் குழிந்திருக்கவில்லை. மூன்றாவது வளைவு வரை இறங்கித் திருப்பிக்கொண்டு ஏறினார்கள். குளிர் காற்று முகத்தில் அடித்தது. வண்டி புகையில்லாமல் இழுத்தது. வேடிக்கை பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது, ஆனால் கண் சொருகியது.

"அடுத்த ஞாயிறு பிரேக்கு பாக்கணும்," என்றார் அவர்.

"என்னால மிதிக்க முடியாது. முட்டி வுட்டுப் போச்சு."

"சரி. வுடு. ரப்பர் குழாய மாட்டி மறுமுனைய பிரேக் ஆயில் பாட்டில்ல முக்கி வெச்சா ஒண்டியாவே மிதிச்சிக்கலாம். டிப்போல அப்டித்தான் செய்வோம்."

தூக்கம் கலைந்தது. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "அது உங்களுக்கு இப்பதான் ஞாபகம் வந்துச்சா?"

அவர் வளைவைப் பார்த்து ஓட்டினார். வளைவு முடிந்தும் நேரே பார்த்தபடியே சொன்னார். "எப்பவும் தெரியும். கொட்டாயில ஒண்டியா கெடக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்கும். நீ வந்தா பக்கத்துல இருப்ப. அதான்."

அவளுக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. பதினாலு வருஷம். இந்த முட்டி. "அத வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாங்க?" என்று கேட்டுவிட்டாள்.

கேட்ட உடனேயே ஊசி விஷயத்தில் தானும் வாயை மூடிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. 

மேலே அவர்கள் வீட்டுக் களத்தில் சாமை பாதி புடைத்தபடி காத்துக்கொண்டிருந்தது. போய்ச் சேர்ந்தால் வேலைதான். கலைவாணி இருக்கையில் சாய்ந்தாள். அந்தப் பக்கம் மிதிப்பதற்கு ஒன்றும் இல்லை. வலிக்கிற காலை நன்றாக நீட்டிக்கொண்டாள்.