இரண்டு தெரு தள்ளிச் சொட்டிய மருந்து

சின்னவளின் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குள் ஊற்றிய மருந்து, இரண்டு தெரு தள்ளி இருந்த அவள் அக்காவின் தையல் மேசைமீது சொட்டியது. பள்ளிக்கூடங்கள் திறப்பதற்கு முந்தைய மாதம் அது. தையல்காரியான பெரியவள் வெட்டி அடுக்கி வைத்திருந்த கருநீலச் சீருடைத் துணியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் விழுந்தன. அண்ணாந்து பார்த்தாள். கூரை காய்ந்துதான் கிடந்தது. மேலே தண்ணீர்த் தொட்டியும் இல்லை, குழாயும் இல்லை. பிளம்பரை வரவழைத்தாள். அவர் தட்டிப் பார்த்தார், உடைத்துப் பார்த்தார், உடைத்த இடத்தைப் பூசினார், இரண்டுக்கும் தனித்தனியாகக் கூலி வாங்கிக்கொண்டு, இனி ஒரு சொட்டு விழாது என்று உறுதி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அதே கிழமையில், அதே நேரத்துக்கு மறுபடியும் சொட்டியது. பக்கெட் வைத்தால் பக்கெட்டுக்கு வெளியே விழுந்தது. மேசையை அடுத்த அறைக்கு இழுத்துப் போட்டால் சொட்டும் கூடவே வந்தது.

அதே நேரத்தில் பல் டாக்டரும் குழம்பிப் போயிருந்தார். ஊரில் அவருக்குப் பிளீச்சம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே மட்டும் டாக்டரம்மா. பல்லைத் துளைத்து, செத்த நரம்பை எடுத்து, மெல்லிய கம்பியால் வேர்க்குழாயைச் சுரண்டுவது யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம், கழுவுவதில்தான் வேலையே இருக்கிறது என்பது அவர் கட்சி. உள்ளே ஒளிந்திருக்கும் கிருமி முழுக்கச் சாகாமல் மேலே அடைத்துவிட்டால் பல்லும் போகும், நம் பெயரும் போகும் என்பார். அதற்கு அவர் நம்பியது ஒன்றே ஒன்றுதான்: துணிக்குப் போடும் அதே பிளீச், அளவாகக் கலந்தது. ஊற்றிய மருந்து பல்லிலிருந்து திரும்ப வழியும். உறிஞ்சும் குழாய் அதை இழுத்துக்கொள்ளும். சின்னவள் விஷயத்தில் எத்தனை ஊசி ஊற்றினாலும் குழாய் காற்றைத்தான் உறிஞ்சியது. "முழுங்கிட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். வாயைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டியிருந்ததால் சின்னவள் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

முடிச்சை அவிழ்த்தவள் கிளினிக் நர்ஸ். மகளின் சீருடையை வாங்கப் போனவள் தையலறைக்குள் கால் வைத்ததும், "என்னக்கா, எங்க கிளினிக் வாசனை அடிக்குது?" என்றாள். இருவரும் கிழமையையும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் நாற்காலியில் யார் படுத்திருந்தது என்று பெரியவள் கேட்டாள். பதிலைக் கேட்டு அவள் ஆச்சரியப்படவில்லை, எரிச்சல்தான் பட்டாள். "அவளா? அவளுக்குக் கொட்ட வேற இடமே கிடைக்காதே."

அக்காவும் தங்கையும் பேசிப் பல வருடம் ஆகியிருந்தது. காரணம் ஊருக்கே தெரியும். சின்னவளின் கல்யாணத்தன்று படம் எடுக்கும்போது பெரியவள் நாலு பேர் முன்னால், "வாய மூடிட்டுச் சிரிடி, எல்லாப் பல்லும் படத்துல விழுது" என்றாள். நாலு பேரும் சிரித்தார்கள். சின்னவள் வாயை மூடினாள். அதற்கப்புறம் அக்காவிடம் அதைத் திறக்கவே இல்லை. ஆல்பம் முழுக்க அவள் மாத்திரையை விழுங்கியவள் மாதிரிதான் இருப்பாள். மின்கட்டணக் கவுண்டரில் அவளுக்கு வேலை. அங்கேயும் உதட்டைப் பிரிக்காமலேயே சில்லறை கேட்கப் பழகியிருந்தாள். பல் வலித்தபோதுகூட யாரிடமும் வாயைத் திறந்து காட்டக் கூசி, தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, நரம்பு செத்தபிறகுதான் டாக்டரிடம் வந்தாள்.

சீருடைகளுக்குப் பெரியவள்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால், பிளீச் கூடவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். டாக்டருக்கும் வேறு வழியில்லை. மாற்று மருந்துகளைத் தேட ஆரம்பித்தார். அந்தப் பருவம் முழுக்க ஒரு பரிசோதனை நடந்தது. ஒரு முனையில் பல், மறுமுனையில் கருநீலத் துண்டுத்துணி. நடுவில் நர்ஸ் கைப்பேசியோடு ஓடினாள். வாய் கொப்பளிக்கும் மருந்தைக் கெட்டியாக ஊற்றினார்கள். துணியில் பழுப்புக் கறை பிடித்தது. தேன்கூட்டுப் பிசினைக் கரைத்து ஊற்றினார்கள். தையல் மிஷின் ஊசி ஒட்டிக்கொண்டது. பச்சைத் தேயிலைக் கஷாயம் துணியை ஒன்றும் செய்யவில்லை, ஆனால் பல்லிலிருந்து எடுத்த மாதிரியைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பியபோது, கிருமிகள் தேநீர் விருந்துக்கு வந்தவை போலச் சொந்தபந்தத்தோடு பெருகியிருந்தன. கடைசியாக, மின்சாரம் பாய்ச்சிய உப்புத் தண்ணீர். துணி தப்பியது, கிருமியும் பெருமளவு செத்தது, ஆனால் வேரின் நுனியில் கொஞ்சம் மிஞ்சியது. "அந்தக் கொஞ்சந்தான் நம்மள சந்தி சிரிக்க வைக்கும்" என்றார் டாக்டர். மற்றவர்களின் பல்லுக்கு இந்தத் தண்ணீர் போதுமாக இருக்கலாம், இவள் பல்லில் இருப்பதோ அக்காவின் பிடிவாதம், அதற்கு இது போதாது என்றும் சொன்னார்.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. ஒவ்வொரு முறையும் பல்லைத் தற்காலிகமாகத்தான் அடைத்து அனுப்பினார்கள். அந்த அடைப்பு லேசாகக் கசிந்தது. சின்னவள் தேநீர் குடிக்கும்போதெல்லாம் அக்கா வீட்டில் ஒரு சொட்டு விழும். பெரியவள் முதலில் துடைத்துப் போட்டாள். பிறகு ஒருநாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். தேநீரா அது, பாகு. சின்ன வயதில் சர்க்கரை டப்பாவைத் தங்கைக்கு எட்டாத அலமாரியில் ஒளித்து வைத்ததும், அவள் நாற்காலி போட்டு ஏறி விழுந்ததும் நினைவுக்கு வந்தது. அப்புறம் சொட்டு விழும் நேரத்துக்கு மேசை ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தைத் துணிமேல் வைக்க ஆரம்பித்தாள். பக்கெட்டைத் தவிர்த்த சொட்டு கிண்ணத்தைத் தவிர்க்கவில்லை. ஒருநாள் வங்கி வரிசையில் நின்றபோது அவள் புறங்கையில் தேநீர் விழுந்தது. சொட்டுவது கூரையிலிருந்து அல்ல, துணிக்காகவும் அல்ல, தான் இருக்கும் இடத்தில்தான் என்று அவளுக்கு அன்றே புரிந்துவிட்டது. சிகிச்சை நேரத்தில் அவள் சீருடைகளை விட்டு நாலு அடி தள்ளி உட்கார்ந்தால் போதும், பிளீச்சை ஊற்றி வேலையை முடித்துவிடலாம். அவள் யாரிடமும் சொல்லவில்லை. முடித்தால் பல்லை அடைத்துவிடுவார்கள். அடைத்துவிட்டால் தேநீர் வராது.

பிறகு தேநீர் வராமல் போனது. காலையில் வரவில்லை, கவுண்டர் இடைவேளையிலும் வரவில்லை. மறுநாளும் கிண்ணம் காய்ந்து கிடந்தது. பெரியவள் தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு நர்ஸைக் கைப்பேசியில் கூப்பிட்டாள். சின்னவளுக்குத் தாடை வீங்கிவிட்டது, காய்ச்சல், வாயைத் திறக்க முடியவில்லை, ஊசி போட்டிருக்கிறது, வீக்கம் வடிந்ததும் ஒரே ஒரு முறை கழுவிப் பார்ப்போம், இல்லையென்றால் பல்லைப் பிடுங்க வேண்டியதுதான், கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்றாள் நர்ஸ். பெரியவளின் முகத்தில் ஈயாடவில்லை. தன் ஒரு சொட்டுத் தேநீருக்காகத் தங்கையின் தாடையை வீங்க விட்டுவிட்டோம் என்று அழுதாள். அழுதுகொண்டே தையலறையைப் பூட்டினாள்.

வீக்கம் வடிந்த அன்று கிளினிக்குக்குள் போய் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. பிளீச் பாட்டிலைக் கையில் எடுக்கும் சாக்குக் கிடைத்த சந்தோஷத்தில் அவருக்குத் திட்ட மறந்துபோனது. சின்னவள் ரப்பர் ஷீட்டோடு படுத்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்ப முயன்றாள். டாக்டர் தாடையைப் பிடித்திருந்ததால் கண்ணை மட்டும் திருப்பினாள். பெரியவள் கால்மாட்டில் போய் நின்றாள். முதல் ஊசி உள்ளே போனதும், சாயம் போட்ட அவள் தலையின் நடுவகிட்டில் முதல் சொட்டு விழுந்தது. டாக்டர் உறிஞ்சும் குழாயைச் சின்னவளின் வாயிலிருந்து எடுத்து, இனி வேலை அங்கேதான் என்று நர்ஸிடம் நீட்டினார். நர்ஸ் அதைப் பெரியவளின் தலைக்குப் பிடித்தாள். குழாய் சர்ரென்று முடியையும் சேர்த்து இழுத்தது. பெரியவள் ஆடாமல் அசையாமல் நின்றாள். வகிட்டோரம் ஒரு பட்டை மெல்ல வெளுத்துக்கொண்டே வந்தது.

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். பழக்கத்தில் உதடுகள் தாமாக நெருங்கின.

"மூடாதடி" என்றாள் பெரியவள். "நல்லாத் திற. எல்லாப் பல்லும் தெரியட்டும்."

அந்த முறை பரிசோதனைச் சாலைக்குப் போன மாதிரியில் ஒன்றும் முளைக்கவில்லை. பல்லை நிரந்தரமாக அடைத்தார்கள். வாயின் மரப்பு விட்டதும் இருவரும் கிளினிக் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்கள். "டீயில எதுக்கு அவ்ளோ சக்கர போடுற?" என்றாள் பெரியவள்.

"உனக்கெப்படிக்கா தெரியும்?"

"தினமும் குடிச்சேன்."

இப்போது சின்னவள் வேலை முடிந்ததும் தையலறைக்குப் போய்க் கோப்பையில் குடிக்கிறாள். சர்க்கரை டப்பா எட்டும் இடத்தில்தான் இருக்கிறது. கிளினிக்கில் உப்புத் தண்ணீர் இயந்திரமும் ஓடுகிறது, பிளீச்சும் இருக்கிறது. வேர் சிகிச்சைக்கு வருபவர்களிடம் சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டுவிட்டு, யாரோடாவது பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறதா என்றும் நர்ஸ் கேட்கிறாள். ஜனங்கள் கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்கிறார்கள். அப்படி யாராவது இருந்தால் அவர்களையும் அழைத்து வரச் சொல்லிவிடுகிறாள் நர்ஸ். வருபவர்களுக்காக வாசலில் ஒரு குடை மாட்டியிருக்கிறது. சிலர் பிடித்துக்கொள்கிறார்கள், சிலர் வேண்டாம் என்கிறார்கள்.